கூகைமூக்குப் பாறையில் பதினேழு பூக்கள்

“அங்க பாருங்க! மலை பூராம் நீலமாயிருச்சு!”

நஸீமா போட்ட சத்தத்தில் சோதனைச் சாவடியின் தகரக் கூரையில் இருந்த மைனாக்கள் சிதறிப் பறந்தன. காலை மூடுபனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. எதிரே முகிலடி மலை. அடிவாரத்தில் பச்சை, அதற்கு மேலே கண்ணுக்கு எட்டிய உயரம் வரைக்கும் ஒரே நீலம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி சரிவு சரிவாகப் பூத்துக் கிடந்தது.

“வாயைப் பொளந்தது போதும். நோட்டுல கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்புங்க. வெயில் ஏறுறதுக்குள்ள முதல் மேட்டைத் தாண்டணும்!” என்றான் சுகந்தன்.

நான்கு பேர் கொண்ட குழு அது. தலைவி முத்தரசி. சின்னமனூர்க்காரி, இருபத்தேழு வயது, தாவரவியலில் ஆய்வு செய்பவள். நஸீமா உத்தமபாளையத்துப் பெண். காட்டையும் பூச்சிகளையும் படமெடுப்பதுதான் அவள் தொழில். சுகந்தன் மதுரைக்காரன், கயிறு கட்டிப் பாறை ஏறுவதில் கெட்டிக்காரன். நான்காவது ஆள் செவத்தி. மேல்மலைப் பளியர் பழங்குடியைச் சேர்ந்தவள். நாற்பதை நெருங்கும் வயது. தேனெடுப்பதில் அந்த மலையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

வனவர் தவசி நோட்டை நீட்டினார். “அஞ்சு நாள் அனுமதி. ஆறாம் நாள் காலையில நாலு பேரும் இங்க வந்து நிக்கணும். இல்லேன்னா நான் ஆள் கூட்டிக்கிட்டு மேல ஏறிருவேன். சூதானமாப் போயிட்டு வாங்க.”

போகும் காரியம் என்ற இடத்தில் ‘தாவரக் கணக்கெடுப்பு’ என்று எழுதினாள் முத்தரசி. அது பொய்யில்லை. ஆனால் எந்தத் தாவரத்தைத் தேடிப் போகிறார்கள் என்பது அந்த நால்வருக்கு மட்டுமே தெரியும்.

சிமிழ்ப்பூ!

உள்ளங்கையில் அடங்கிவிடும் மஞ்சள் நிற ஆர்க்கிட் பூ அது. கீழிதழ் குங்குமச் சிமிழைப் போலக் குழிந்திருக்கும். அந்த அழகுதான் அதற்கு எமனாக வந்தது. பணக்காரர்களின் கண்ணாடித் தோட்டங்களுக்காக ஒரு காலத்தில் அதைச் சாக்குச் சாக்காகத் தோண்டிக் கொண்டுபோனார்கள். நாற்பது ஆண்டுகளாக எந்த ஆய்வாளரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே எழுதி முடித்துவிட்டார்கள்.

ஆனால் செவத்தி பார்த்திருந்தாள்! போன வருஷம் தேனுக்குப் போனபோது, கூகைமூக்குப் பாறையின் நடுவே, இப்போது யாரும் போகாத ஒரு தட்டில் அது பூத்து நின்றது. முத்தரசி இரண்டு மாதம் அவளோடு காடு சுற்றினாள். அவள் குடிசையில் தங்கினாள். அவள் மகளுக்குப் பிரசவ வலி கண்டபோது கூடவே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அதற்குப் பிறகுதான் செவத்தி வாய் திறந்தாள்.

“ஒனக்குக் காட்டுறேன் தாயி. படம் புடிக்கிற பிள்ளையும் வரட்டும். அதுக்கு மேல ஒரு உசுருக்குச் சொல்லாத. எடம் வெளிய தெரிஞ்சா அந்தப் பூ அத்துப்போகும்.”

முத்தரசி அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். பத்தே நாளில் சுகந்தனிடம் சொல்லிவிட்டாள்.

சொல்லாமல் எப்படி முடியும்? செங்குத்தான பாறையில் இறங்கக் கயிறு வேண்டும். கயிறு பிடிக்க ஆள் வேண்டும். ஐந்து வருஷமாக அவள் கயிற்றைப் பிடித்தவன் சுகந்தன். ஒருமுறை நாகமலைப் பக்கத்தில் அவள் காலடிக் கல் பெயர்ந்து விழுந்தபோது, உள்ளங்கைத் தோல் உரிந்தும் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தத் தழும்பு இன்னும் அவன் கையில் இருந்தது.

“அவன்கிட்டச் சொன்னா எனக்கு நானே சொல்லிக்கிட்ட மாதிரிக்கா” என்றாள் முத்தரசி.

செவத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, “நீ நம்புற ஆளுன்னா சரி” என்று மட்டும் சொன்னாள்.

ஏற்றம் தொடங்கியது. அதைப் பாதை என்று சொல்வதே அதிகம்! தண்ணீர் அரித்த ஒற்றையடித் தடம் ஒன்று நெட்டுக்குத்தாக மேலே போனது. முழங்கால் மூக்கைத் தொட்டது. முதல் மேட்டைத் தாண்டுவதற்குள் நஸீமா மூன்று முறை உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னும் எம்புட்டுத் தூரம்க்கா?”

“இப்பத்தானே கெளம்பிருக்கோம்” என்றாள் செவத்தி, மூச்சுக்கூட வாங்காமல்.

சோலைக்காட்டுக்குள் நுழைந்ததும் அட்டைகள் காலில் ஏறின. சுகந்தன் புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியால் எல்லோருடைய காலணிகளையும் துடைத்துவிட்டான். நஸீமாவின் கேமராப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். வழுக்கும் இடத்திலெல்லாம் முன்னால் போய் நின்று கை கொடுத்தான். அவன் இருந்தால் பயமில்லை என்று முத்தரசி எப்போதும் நினைப்பதை அன்றும் நினைத்தாள்.

சோலை முடிந்தது. குறிஞ்சி தொடங்கியது!

தோள் உயரத்துக்குச் செடிகள். தடமே தெரியவில்லை. நீலப் பூங்கொத்துகளைக் கையால் விலக்கிக்கொண்டு நீந்துவதுபோல நடந்தார்கள். எங்கு திரும்பினாலும் தேனீக்களின் இரைச்சல். சட்டையெல்லாம் மகரந்தம். நஸீமா களைப்பை மறந்துவிட்டு நடந்துகொண்டே படமெடுத்தாள்.

திடீரென்று செவத்தி கையை உயர்த்தினாள். “குத்தவைங்க! பேச்சு மூச்சு கூடாது!”

நான்கு பேரும் செடிகளுக்குள் பதுங்கினார்கள். இருபதடி தூரத்தில் குறிஞ்சி அசைந்தது. கறுத்த முதுகு ஒன்று பூக்களுக்கு மேலே பாறைபோல எழுந்தது. காட்டுமாடு! ஒற்றைக் காளை. அது மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தது. அந்த நேரம் பார்த்து நஸீமாவின் கேமரா கிளிக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டது!

காளை தலையைத் தாழ்த்திப் பாய்ந்தது.

“உருளு!” என்று கத்திய சுகந்தன், நஸீமாவின் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் புரண்டான். அவள் இருந்த இடத்தை மிதித்துக்கொண்டு காளை கடந்து போனது. மண் அதிர்ந்தது. ஒடிந்த குறிஞ்சிக் கொத்துகள் மழைபோல மேலே கொட்டின. பிறகு அமைதி.

நஸீமா தலையில் ஒட்டிய பூக்களோடு எழுந்தாள். “அண்ணே... நீங்க மட்டும் இல்லேன்னா...”

“இதுக்குத்தானே என்னையக் கூட்டிக்கிட்டு வந்தீங்க!” என்று சிரித்தான் அவன்.

அன்று சாயங்காலம், பளியர்கள் மழைக்கு ஒதுங்கும் ஒரு புடவில் தங்கினார்கள். பாறைக் குகைக்கு அங்கே அதுதான் பெயர். செவத்தி மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சினாள். சுகந்தன் கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவிச் சோதித்துக்கொண்டே கேட்டான்.

“அரசி, நாளைக்கு அந்தப் பூவப் பாத்துட்டோம்னு வையி. உலகமே பேசும்ல? யார் பேரு வரும்?”

“கட்டுரை என்னோடது. எங்க பேராசிரியர் பேரும் வரும்.”

“கயிறு புடிச்சவன் பேரு?”

“கடைசிப் பக்கத்துல நன்றின்னு போடுவோம்ல!”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவன் கண்கள் சேரவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கூகைமூக்குப் பாறையின் உச்சியில் நின்றார்கள். ஆந்தையின் அலகுபோல வளைந்து பள்ளத்தாக்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது அது. எட்டிப் பார்த்த நஸீமா உடனே பின்வாங்கிவிட்டாள். கீழே மேகம்தான் தெரிந்தது.

“இங்கிருந்து நூறடி கீழ. அங்கிட்டு ஒரு தட்டு இருக்கு. பத்து ஆள் நிக்கலாம்” என்றாள் செவத்தி.

சுகந்தன் ஒரு மரத்தடியில் கயிற்றைக் கட்டினான். இன்னொரு பாறையில் இரண்டாம் கட்டு போட்டான். முதலில் முத்தரசி இறங்கினாள். பிறகு நஸீமா, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. செவத்திக்குக் கயிற்றோடு பிணைக்கும் இடுப்புவாரை மாட்டிக்கொள்வது பிடிக்கவில்லை, முனகிக்கொண்டே இறங்கினாள். கடைசியில் சுகந்தனும் முதுகுப்பையோடு இறங்கி வந்தான்.

முத்தரசிக்கு எதுவும் காதில் விழவில்லை. அவள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பாறையிலிருந்து கசியும் நீரில் நனைந்த பாசி. அந்தப் பாசியின்மேல் மஞ்சள் மஞ்சளாய்ச் சிமிழ்கள்! காற்று வீசும்போதெல்லாம் ஒன்றுபோலத் தலையாட்டின. தொட அவளுக்குப் பயமாக இருந்தது. எண்ணினாள். பதினேழு செடிகள். மறுபடி எண்ணினாள். பதினேழு! கண்ணீர் தானாக வழிந்தது.

“அக்கா...” என்று செவத்தியின் கையைப் பற்றினாள்.

“அழாத தாயி. பாக்குறதுக்குத்தானே வந்த. நல்லாப் பாத்துக்க” என்றாள் செவத்தி. அவள் முகத்திலும் மகிழ்ச்சி இருந்தது.

நஸீமா உயரத்தை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் படமெடுத்தாள். ஒவ்வொரு செடியையும் தனித்தனியாக, இலை, இதழ், வேர்ப்பிடிப்பு வரைக்கும் எடுத்தாள். சுகந்தன் தன் செல்போனை எடுத்தபோது செவத்தி முகத்தைச் சுளித்தாள். “ஒரே ஒரு படம்க்கா” என்றவன் திரும்பி நின்று, தட்டின் மறுமுனையைக் கைகாட்டினான்.

“அரசி, அந்த மூலைக்கு அங்கிட்டுப் பாத்தியா? தண்ணி அங்கயும் கசியுது. இன்னும் செடி இருந்தாலும் இருக்கும். நீங்க மூணு பேரும் பாத்துட்டு வாங்க. நான் கயித்தச் சரிபாக்குறேன்.”

தட்டு அங்கே இரண்டடி அகலமாகக் குறுகி, பாறையைச் சுற்றி வளைந்து போனது. மூன்று பெண்களும் சுவரை அணைத்தபடி பக்கவாட்டில் நகர்ந்தார்கள். அந்தப் பக்கம் செங்குத்தாகக் கீழே இறங்கும் ஒரு பாறை இடுக்குதான் இருந்தது. செடி ஒன்றுகூட இல்லை. தேடிவிட்டுத் திரும்ப அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

முனையைத் திரும்பியதும் முத்தரசி அப்படியே நின்றுவிட்டாள்.

பாசி கிழிந்து கிடந்தது. மஞ்சள் எங்கும் இல்லை. பூக்கள் இருந்த இடத்தில் கறுப்புக் குழிகள்!

“சுகந்தா?”

பதில் மேலிருந்து வந்தது. அவன் கயிற்றில் ஏறி உச்சியை நெருங்கியிருந்தான். முதுகில் பை புடைத்திருந்தது. அவள் ஓடிவந்து கயிற்றின் நுனியை எட்டிப் பிடிப்பதற்குள் அவன் விளிம்பைத் தொட்டுவிட்டான். அடுத்த நொடி கயிறு அவள் விரல்களை உரசிக்கொண்டு பாம்புபோல மேலே ஓடியது.

“டேய் சுகந்தா! என்னடா பண்ற!”

விளிம்பில் அவன் தலை தெரிந்தது. “மன்னிச்சிரு அரசி! நாளைக்குக் காலையில சாவடியில சொல்லிர்றேன். அவங்க வந்து தூக்கிருவாங்க. ஒரு நாள் பொறுத்துக்க. தண்ணி இருக்குல்ல?”

“வெளையாடாத! கயித்தப் போடு!”

“வெளையாட்டா?” அவன் குரல் மாறியது. “அஞ்சு வருஷம் ஒன் கயித்தப் புடிச்சேன். எனக்கு என்ன மிச்சம்? கடைசிப் பக்கத்துல ஒரு நன்றி! இதுக்கு வெளிநாட்டுல ஆள் காத்துக்கிட்டு இருக்கான். எனக்கும் ஒரு வாழ்க்கை வேணும்ல!”

“அந்தப் பூ செத்துரும்டா!”

“ஈரப்பாசி வச்சுக் கட்டியிருக்கேன். சாகாது. நீ சொல்லிக்குடுத்ததுதானே!”

தலை மறைந்தது. அவள் கத்தினாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள், கெஞ்சினாள், திட்டினாள். பள்ளத்தாக்கு அவள் குரலையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது.

நஸீமா குழிகளின் அருகே உட்கார்ந்துவிட்டாள். “மாட்டுக்கிட்டருந்து என்னையக் காப்பாத்துன ஆளா இது? நம்பவே முடியலயே!”

முத்தரசி செவத்தியிடம் திரும்பினாள். “அக்கா, இப்படி ஏமாத்துவான்னு நான் கனவுலகூட நெனைக்கலக்கா...”

செவத்தி கிழிந்த பாசியை ஒரு கையால் மூடி அழுத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள். “அவன் என்னைய ஏமாத்தல. அவன எனக்குத் தெரியவே தெரியாது. நான் சொன்னது ஒங்கிட்ட. வெளிய சொன்னது நீயி.”

 சுகந்தன் கயிற்றை இழுத்தபோது வந்த வலியைவிட இது முத்தரசிக்குள் ஆழமாக இறங்கியது. அவன் அவளுக்குச் செய்ததைத்தானே அவள் முதலில் செவத்திக்குச் செய்திருக்கிறாள்!

மேற்கே மேகம் கறுத்தது. நஸீமா முதலில் அதைப் பார்த்தாள். “மழை வருது. இந்தத் தட்டுல தண்ணி இறங்குனா நம்மளையும் சேத்துத் தள்ளிரும். போன்லயும் சிக்னல் இல்ல. என்ன பண்றது?”

செவத்தி எழுந்தாள். “அந்த இடுக்கு வழியா எறங்கணும். எங்க ஐயா காலத்துல தேனுக்கு அதுல எறங்குவாங்கன்னு கேள்வி. நான் எறங்குனதில்ல. ரெண்டு எடத்துல கால் வைக்கப் புடிப்பு இருக்காதாம்.”

“கயிறு?” என்றாள் முத்தரசி.

செவத்தி இடுப்பிலிருந்து தேன்குடம் கட்டும் நார்க்கயிற்றை அவிழ்த்தாள். ஆறு முழம்தான் இருந்தது. நஸீமா துப்பட்டாவைக் கழற்றி முறுக்கினாள். முத்தரசி மூன்று இடுப்புவார்களின் பட்டைகளையும் உருவி, முடிச்சுகளை ஈரத்தில் நனைத்து இறுக்கினாள். எல்லாம் சேர்ந்து ஒரு தென்னையின் பாதி உயரம்கூட இல்லை.

“கயிறு ஒண்ணு, எறங்க வேண்டிய எடம் ரெண்டு” என்றாள் நஸீமா. “கட்டிட்டு எறங்குனா அவிழ்க்குறது யாரு?”

“கடைசி ஆள்” என்றாள் முத்தரசி. “அது நான்தான்.”

செவத்தி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். மறுக்கவில்லை.

இடுக்குக்குள் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் பாறை. நடுவே ஓர் ஆள் நுழையும் அகலம். முதுகை ஒரு சுவரிலும் காலை மறு சுவரிலும் அழுத்தி அங்குலம் அங்குலமாக நழுவினார்கள். பாறை வெட்டிவிட்டதுபோல அறுந்திருந்த முதல் வெட்டு வந்தது. கால் வைக்க ஒன்றுமில்லை. பாறைக்குள் புகுந்திருந்த ஓர் அத்தி வேரில் கயிற்றைக் கட்டினாள் முத்தரசி. செவத்தி குரங்குபோல இறங்கினாள். நஸீமா பாதி வழியில் உறைந்துபோனாள்.

“என்னால முடியாது! கை நழுவுது!”

“கீழ பாக்காத! என்னையப் பாரு!” என்று மேலிருந்து கத்தினாள் முத்தரசி. “எடது காலு! இன்னும் கொஞ்சம்! அக்கா ஒன் காலப் புடிச்சுட்டாங்க பாரு!”

நஸீமா இறங்கிவிட்டாள். இனி முத்தரசியின் முறை. வேரில் இருந்த முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைக் கீழே போட்டாள். இனி அவளைப் பிடிக்க யாருமில்லை. ஐந்து வருஷத்தில் முதல்முறையாகக் கயிறில்லாமல் பாறையில் நின்றாள். மழையின் முதல் துளிகள் விழுந்தன. சுவர் வழுக்கத் தொடங்கியது. முதுகைத் தேய்த்து, குதிகாலை ஊன்றி, மூச்சைப் பிடித்து நழுவினாள். தோள் தோல் உரிந்தது. ஓரிடத்தில் வலது கால் வழுக்கியது! உடம்பு இரண்டடி சரிந்தது. முழங்கையைப் பிளவில் செருகி நின்றாள்.

“மெதுவா தாயி, மெதுவா!” செவத்தியின் குரல் வெடித்தது. “ஒன் காலுக்குக் கீழ ஒரு சாண்ல புடிப்பு இருக்கு! எறங்கு!”

இறங்கினாள். செவத்தியின் கை அவள் கணுக்காலைப் பற்றியது. இரண்டாவது வெட்டிலும் இதே கதைதான். ஆனால் கீழே மணல் இருந்ததால் கடைசி எட்டடியைக் குதித்தே கடந்தாள். ஓடைச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் இருந்த தட்டில் வெள்ளம் அருவியாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் அரைமணி நேரம் அங்கே இருந்திருந்தால்!

பொழுது சாய்வதற்குள் ஓடைக்கரையில் ஒரு பாறையடியில் ஒண்டிக்கொண்டார்கள். விடிந்ததும் நடந்தார்கள். சுகந்தன் வந்த வழியே முகட்டைச் சுற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஓடை நேரே சாவடிக்குப் போகிறது.

“நாம முந்திருவோம்” என்றாள் செவத்தி.

“அவனும் சாவடிக்குத்தான் வருவான். வந்து நம்மளப் பத்திச் சொல்லுவான்” என்றாள் முத்தரசி. “திருடன்தான். ஆனா கொல்ற ஆள் இல்ல. சொல்றேன்னுதானே சொன்னான்?”

நஸீமாவும் செவத்தியும் முன்னே நடந்தார்கள்.  வழி நெடுக முத்தரசி அந்த ஒரு வாக்கைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவன் சொல்லிவிட்டால் போதும். அந்த ஐந்து வருஷத்தில் ஒரு துண்டாவது உண்மையாக இருந்தது என்று ஆகிவிடும்.

எட்டு மணிக்குச் சாவடியை அடைந்தார்கள். சேறும் ரத்தமுமாக வந்த மூன்று பேரைப் பார்த்துத் தவசி பதறிப்போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டினார். “ஆள வழியிலயே மடக்கிர்றேன்!”

“வேணாம் சார்” என்றாள் முத்தரசி. “இங்கயே வரட்டும். அவன் என்ன சொல்றான்னு நான் கேக்கணும்.”

மூவரும் உள் அறையில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பதினோரு மணிக்குக் காலடிச் சத்தம் கேட்டது.

“வாங்க தம்பி” என்றார் தவசி, நோட்டைத் திறந்தபடி. “என்ன, தனியா வர்றீக? மத்தவங்க?”

முத்தரசி மூச்சை நிறுத்திக்கொண்டாள். சொல்லுடா. சொல்லிரு.

“அவங்களா சார்?” சுகந்தனின் குரலில் துளி நடுக்கம்கூட இல்லை. “குறிஞ்சியப் பாத்ததும் வர மாட்டேன்னுட்டாங்க. இன்னும் ரெண்டு மூணு நாள் இருந்துட்டு வருவாங்க. சாப்பாடெல்லாம் இருக்கு. எனக்கு மதுரையில ஒரு வேலை. கையெழுத்து எங்க சார் போடணும்?”

நஸீமா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறாம் நாள் வரைக்கும் யாரும் தேடி வந்திருக்க மாட்டார்கள். அதற்குள் அந்தத் தட்டில் யார் உயிரோடு இருந்திருக்கப் போகிறார்கள்?

முத்தரசி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

சுகந்தனின் கையிலிருந்து பேனா விழுந்தது. அவளைப் பார்த்தான், அவள் உரிந்த தோளைப் பார்த்தான், பின்னால் நின்ற இருவரையும் பார்த்தான். அவன் வாயிலிருந்து முதலில் வந்தது மன்னிப்பு அல்ல.

“எப்படி எறங்குன? கயிறே இல்லாம?”

 அழவேண்டும் என்று முத்தரசி நினைத்தாள்; அழுகை வரவில்லை. எத்தனை மலைகள், எத்தனை கயிறுகள், எத்தனை முறை ‘புடிச்சுக்கிட்டேன், எறங்கு’ என்ற அவன் குரல்! அந்தக் குரலை நம்பித்தான் அவள் எங்கும் கால் வைத்தாள். இப்போது எதிரே நிற்பவனின் முகம் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை.

“பையத் திறங்க தம்பி” என்றார் தவசி. இரண்டு காவலர்கள் வாசலை மறித்துக்கொண்டார்கள்.

படுக்கைச் சுருளுக்கு அடியில் ஈரத்துணியில் சுற்றிய மூட்டை இருந்தது. பதினேழு செடிகளும் பாசியோடு கட்டப்பட்டிருந்தன. மூன்று நசுங்கிப்போயிருந்தன. முத்தரசி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிழலில் அடுக்கினாள்.  சுகந்தனை ஜீப்பில் ஏற்றும்போது அவன், “அரசி, ஒரு நிமிஷம்...” என்றான். அவள் திரும்பவில்லை. வேர்களில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே வனத்துறை ஆட்கள் ஆறு பேர் கயிறுகளோடு வந்தார்கள். செவத்தியின் குடியிலிருந்தும் நான்கு பேர் வந்தார்கள். கூகைமூக்கில் மறுபடி இறங்கினார்கள். எந்தக் குழியில் எந்தச் செடி இருந்தது என்று நஸீமாவின் படங்கள் சொல்லின. செவத்தி குழியைத் தோண்ட, முத்தரசி செடியை வைக்க, மண்ணை மூடிப் பாசியைப் பரப்பினார்கள். பதினான்கு செடிகள். நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தும் செவத்தி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டுரை வெளியானபோது அதில் பாறையின் பெயர் இல்லை. மலையின் பெயர்கூட இல்லை. “இடம் இல்லாத கண்டுபிடிப்பை யார் ஏத்துக்குவா?” என்று பேராசிரியர் சத்தம் போட்டார். “படம் இருக்கு சார். வனத்துறைக்கு மட்டும் எடம் தெரியும். அது போதும்” என்று நின்றுகொண்டாள் முத்தரசி. கண்டறிந்தவர் என்ற இடத்தில் முதல் பெயர் செவத்தியுடையது. அந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்த அன்று உத்தமபாளையத்தில் நஸீமாவுக்கு ஆளுயர மாலை போட்டு ஊர்வலமே நடத்திவிட்டார்கள்!

அடுத்த மழைக்காலத்தில் முத்தரசி மட்டும் பளியக்குடிக்குப் போனாள். குறிஞ்சி காய்ந்து, விதை உதிர்ந்து, சரிவெல்லாம் பழுப்பாகக் கிடந்தது. செவத்தி முற்றத்தில் வள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்தும் எழவில்லை.

“செடி என்னாச்சுன்னு கேக்கத்தான் வந்தேங்க்கா. எடத்துக்குப் போகணும்னு இல்ல.”

செவத்தி அடுப்பை ஊதினாள்.  “பதினொண்ணு பொழைச்சிருச்சு. ரெண்டு பூத்திருக்கு.”

முத்தரசி தலையாட்டினாள். அதற்குமேல் கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் நம்பிச் சொன்ன ரகசியத்தை இன்னொருவரிடம் எடுத்துக் கொடுக்க, அந்த இன்னொருவர் எவ்வளவு நல்லவரானாலும், நமக்கு அதிகாரமில்லை. முகிலடி மலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலைதான் அதிகம்.

கிளம்ப எழுந்தாள்.

“எங்கிட்டுப் போற? மழை வரப்போகுது” என்றாள் செவத்தி. ஒரு தேக்கிலையில் ஆவி பறக்கும் கிழங்குகளை எடுத்துவைத்து அவள் பக்கம் நகர்த்தினாள். “உக்காரு. சூடு ஆறுறதுக்குள்ள தின்னு.”